கடல் கடந்த தொண்டு

ஆப்பிரிக்கப் பள்ளிகளிற் பாடஞ் சொல்லவும், ஆங்குள்ள கானகங்களில் விலங்காராய்ச்சிக்குத் துணை நிற்கவும் சென்றுவர வேண்டுமென்னும் வேட்கை நம் மாணாக்கர் சிலரிடையே தோன்றியுள்ளது. அதனை நாம் குறைகூறோம். ஆயினும், தொண்டு செய்ய வருவாரிடமே கட்டணம் பெற்று இரண்டு மூன்று வாரங்களில் திருப்பியனுப்பும் நிறுவனங்களும் உலகில் உள. அத்துணைச் சிறுபொழுதில் ஓர் ஆசிரியர் தம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையேனும் செவ்வனே அறிவாரோ? அவர் போனபின் வேறொருவர் வருவார். பிள்ளைகளோ மீண்டும் முதற்பாடத்திலேயே இருப்பர்.

இதனை நெல்லைச் சீமையார்க்குப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அயல்நாட்டாரை ஆசிரியராக ஏற்ற ஊர்கள் நம்முடையவை. கால்டுவெல் 1841-இல் இடையன்குடியின் தேரிமணலுக்கு வந்து, நாற்பதாண்டுக்கு மேல் அங்கு உழைத்தார். மக்கள் மொழியைக் கற்றார். 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1891-இல் கோடைக்கானலில் இறந்த அவரது உடல் இடையன்குடியிலேயே அடக்கஞ் செய்யப்பெற்றது. சாராள் தக்கர் அம்மையாரோ இந்நாட்டில் அடியெடுத்தும் வைத்தவரல்லர். எனினும் பாளையங்கோட்டையில் பெண்கல்வி அவர் பெயரால் வளர்ந்தது. உதவுவோர் நேரிற் சென்றே தீரவேண்டுமென்பதும் இல்லை போலும்!

விலங்காராய்ச்சியும் இத்தகையதே. ஜேன் குடால் அம்மையார் 1960-இல் தாங்கானிக்கா ஏரிக்கரையிலுள்ள கோம்பேக் காட்டை அடைந்தபோது, சிம்பன்சிகள் பல மாதங்கள் அவரைக் கண்டதும் ஓடின. மூன்று வார விருந்தினர் அங்கு எதனைக் கண்டிருப்பர்? நம் களக்காட்டு மலையிலும் 1970-களில் ஸ்டீவன் கிரீன், கரென் மின்கோவ்ஸ்கி என்னும் இருவர் அமெரிக்காவிலிருந்து வந்து சிங்கவால் குரங்கை ஆராய்ந்தனர். அக்காடு 1976-இல் சரணாலயமாயிற்று; 1988-இல் முண்டந்துறையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. அம்மலையடியிலே பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேர் அக்குரங்கைக் கண்டுள்ளோம்?

ஆதலின், தான்சானியாவுக்கோ கென்யாவுக்கோ செல்ல விரும்புவோர் சுவாகிலி மொழியைக் கற்று, ஓராண்டேனும் தங்கும் துணிவோடு செல்க. அதற்குமுன் கண்ணையும் குறிப்பேட்டையும் பழக்கிக்கொள்ள நம் குளங்களே போதும். தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011-இல் தொடங்கியது. தை மாதத்தையொட்டித் தன்னார்வலர் விடியுமுன்னே குளக்கரைகளுக்குச் செல்வர். இமயத்தைக் கடந்து கூந்தங்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தை எண்ணக் கட்டணமில்லை, கடவுச்சீட்டும் வேண்டா. ஒரு குளத்தையேனும் நம் கல்லூரியார் ஆண்டுதோறும் விடாது பொறுப்பேற்க வேண்டுமென்பது நம் விருப்பம். தொலைநோக்கி இல்லாதார் எண்ணிக்கையை எழுதிக்கொள்ளலாம்.