இருவர் ஓடும் ஓட்டம்

மரதன் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீற்றர். அதன் சரிபாதியாகிய அரை மரதன் 21.0975 கிலோமீற்றர், பழைய கணக்கிலே சொன்னால் பதின்மூன்று மைலுக்குச் சற்று அதிகம். இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? 1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் விழாவில் மரதன் ஓட்டம் வின்சர் அரண்மனை வளவிலே தொடங்கி, மைதானத்தில் அரச குடும்பத்தினர் அமர்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடிவுற்றது. அரண்மனைக் குழந்தைகள் தங்கள் அறைச் சாளரத்திலிருந்தே கண்டு களிப்பதற்காகத் தொடக்க இடம் அங்கே குறிக்கப்பட்டது என்றொரு கதை வழங்கி வருகிறது. அந்தத் தூரமே 1921 இல் நிலையான அளவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கதை எவ்வளவு மெய்யோ அறியோம். ஆனால் வீட்டிலே சிறு குழந்தை உள்ளவர் எப்போது ஓடலாம், எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை இன்றும் குழந்தையே தீர்மானிக்கிறது என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

எங்கள் மகனுக்கு இரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, கொழும்பில் நடைபெறும் அரை மரதன் ஒன்றிலே ஓட வேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டாயிற்று. அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்து வழியே ஓடத் தொடங்கினேன். இரு மருங்கும் கடல். முகத்திலே உப்புக் காற்று. தூரத்திலே மீன்பிடி வள்ளங்களின் விளக்குகள். அந்த நேரத்து இன்பத்தை அனுபவித்தவரே அறிவர். முதலில் 5 கிலோமீற்றர், பின்னர் 8, பின்னர் 12 என்று தூரம் வளர்ந்தது. ஓடிய தூரத்தையும் எடுத்த நேரத்தையும் அன்றன்றே ஒரு கொப்பியிலே குறித்து வைப்பேன்.

ஒரு சனிக்கிழமை இரவு மகனுக்குக் காய்ச்சல் கண்டது. விடியற்புறத்தில் உடம்பு தணிந்திருந்தது. இனிக் கவலையில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு புறப்பட்டு விட்டேன். அன்று 16 கிலோமீற்றர் ஓட வேண்டிய நாள். திரும்பி வந்தபோது என் மனைவி குழந்தையைத் தோளிலே சாய்த்தபடி முற்றத்தில் நின்றாள். காய்ச்சல் மறுபடியும் ஏறியிருந்தது. அவள் முகமும் கழுவவில்லை; ஒரு வாய் தேநீரும் குடிக்கவில்லை. நானோ குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே சென்று கொப்பியைத் தேடினேன்.

அவள் கோபிக்கவில்லை. மெல்லிய குரலிலே, "உங்கட கொப்பியிலை நீங்கள் ஓடின தூரமெல்லாம் கிடக்கு. நான் பிள்ளையோடை இருந்த மணித்தியாலம் எந்தப் பக்கத்திலை கிடக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று மாலை, காய்ச்சல் தணிந்து மகன் உறங்கிய பின்னர், கணக்குப் பார்த்தேன். வாரத்துக்கு ஏறத்தாழ 4 மணித்தியாலம் பயிற்சி. பயிற்சிக் காலம் 14 வாரம். ஆக 56 மணித்தியாலம். அவற்றை நான் என் உறக்கத்திலிருந்தும் ஓய்விலிருந்தும் எடுத்ததாகவே எண்ணியிருந்தேன். உண்மையிலோ அவற்றுள் பெரும்பகுதி அவளிடமிருந்து கேளாமலே பெற்ற கடன்.

பெண்கள் இக்கணக்கை மறக்க உலகம் விடுவதில்லை. 1948 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஒல்லாந்து நாட்டு வீராங்கனை ஃபனி பிளாங்கர்ஸ்-கூன் நான்கு தங்கப் பதக்கங்களை வென்றார். அப்போது அவருக்கு வயது 30. இரு குழந்தைகளின் தாய். பிள்ளைகளை விட்டு ஓட வருவதா என்று அவரைக் கண்டித்தோர் பலர். கெனியா நாட்டு மேரி கெய்ட்டனி 2008 இல் மகனைப் பெற்று, அடுத்த ஆண்டிலேயே பேர்மிங்ஹாம் நகரில் உலக அரை மரதன் பட்டத்தை வென்றார். 2011 இல் 1 மணி 5 நிமிடம் 50 வினாடியில் ஓடி உலக சாதனையும் நிலைநாட்டினார். தாய்மை ஓட்டத்துக்குத் தடையன்று என்பதற்கு இவர்களிலும் சிறந்த சாட்சி வேண்டுமோ? ஆயினும் ஓடும் தாயைப் பார்த்து, "பிள்ளையை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்கும் ஊர், ஓடும் தகப்பனைப் பார்த்து அவ்வாறு கேட்பதில்லை. என்னையும் எவரும் கேட்டதில்லை, என் மனைவியைத் தவிர.

அதன் பின்னர் எங்கள் வீட்டிலே ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. வாரத்தில் மூன்று நாள் மட்டுமே ஓட்டம். இரண்டு நாள் குறுகிய தூரம், ஒரு நாள் நீண்ட தூரம். நான் எத்தனை மணித்தியாலம் ஓடுகிறேனோ அத்தனை மணித்தியாலம் அதே வாரத்திலே அவளுக்கும் உண்டு. அந்நேரத்தில் அவள் உறங்கலாம், வாசிக்கலாம், கோயிலுக்குப் போகலாம்; என்ன செய்தாய் என்று நான் கேட்கலாகாது. குழந்தைக்குச் சுகவீனமாயின் அன்றைய ஓட்டம் இல்லை. தவறிய ஓட்டத்தை மறுநாள் இரட்டிப்பாக்குவதும் இல்லை.

குறைந்த பயிற்சியோடு அரை மரதன் ஓட முடியுமா என்று வாசகர்கள் ஐயுறலாம். முடியும். முதற் பரிசை நாடாமல் முடிவுக்கோட்டை மட்டும் நாடுவோருக்கு மூன்று நாட் பயிற்சி போதும். நீண்ட ஓட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி, போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக 16 அல்லது 18 கிலோமீற்றரை எட்டினால் நன்று. கடைசி வாரங்களில் தூரத்தைக் குறைத்து உடம்புக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இடையிடையே நடப்பதில் வெட்கமில்லை. நமது நாட்டு வெப்பத்தில் சூரியன் ஏறுமுன் ஓடி முடிப்பதும், தாகத்துக்கு ஏற்ப நீர் அருந்துவதும் அவசியம். குழந்தை இரவெல்லாம் விழித்திருந்தால் காலை ஓட்டத்திலும் உறக்கமே மேல். களைத்த காலே எளிதில் நோவுக்கு ஆளாகும்.

பிள்ளை பெற்ற தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பேற்றுக்குப் பின் மூன்று மாதத்துக்கு முன்னர் ஓடத் தொடங்கலாகாது என்பது, 2019 இல் இங்கிலாந்தின் இயன்மருத்துவர்கள் வெளியிட்ட வழிகாட்டியின் அறிவுரை. சத்திரசிகிச்சை செய்துகொண்டோர் மேலும் பொறுமை காக்க வேண்டியிருக்கலாம். முதலில் நடை, பிறகு அடிவயிற்றுத் தசைகளை உறுதியாக்கும் பயிற்சி, அதன் பின்னரே ஓட்டம். வலியோ, நீர் கசிவோ, இரத்தப்போக்கோ கண்டால் நிறுத்தி வைத்தியரை நாட வேண்டும். பாலூட்டும் தாய் ஓடினால் பால் வற்றும் என்ற அச்சம் வேண்டாம். அளவான பயிற்சியால் பால் குறைவதில்லை. குழந்தைக்குப் பாலூட்டிய பின் புறப்படுவது இருவருக்கும் சுகம்.

அவ்வருடம் நான் ஓடினேன். எண்ணியிருந்த நேரத்திலும் 12 நிமிடம் பிந்தியே முடித்தேன். அது பற்றி இப்போது வருத்தமில்லை. சொல்ல வந்த ஓட்டம் அடுத்த வருடத்தது. தனக்குக் கிடைத்த மணித்தியாலங்களிலே சிலவற்றை என் மனைவி நடைக்குச் செலவிட்டாள். நடை மெல்ல மெல்ல ஓட்டமாயிற்று. ஒரு நாள், தன் பெயரையும் பதியும்படி சொன்னாள்.

அன்று கொழும்பிலே முடிவுக்கோட்டருகே நானும் மகனும் காத்திருந்தோம். கிலோமீற்றருக்கு 7 நிமிடமாக ஓடினால் 2 மணி 28 நிமிடத்தில் அவள் வந்துவிடுவாள் என்று கணக்கிட்டிருந்தேன். ஓடும்போது இந்த நேரம் எப்படிக் கழிகின்றது என்பது எனக்குத் தெரியும். காத்திருக்கும்போது எப்படிக் கழிகின்றது என்பதை அன்றுதான் அறிந்தேன். மகன் தண்ணீர் கேட்டான். பிறகு தூக்கச் சொன்னான். பிறகு இறக்கச் சொன்னான். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம், "அம்மா இன்னும் வரேல்லையோ அப்பா?" என்று கேட்டான். கடைசியில் வெயிலும் பசியும் சேர வாய்விட்டு அழுதான். அவனைத் தோளிலே சாய்த்துக்கொண்டு நின்றபோது, எங்கள் முற்றத்தில் அவள் நின்ற அந்தக் காலை என் நினைவுக்கு வந்தது.

2 மணி 41 நிமிடத்தில் அவள் வந்து சேர்ந்தாள். வியர்வையோடு மகனை வாங்கி அணைத்துக்கொண்டு, முதலிலே கேட்டது, "நீங்கள் ஏதும் சாப்பிட்டியளோ?" என்பதே. எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. அவளைப் போலக் கேட்க எனக்கு அன்று தோன்றவில்லையே!

ஓட விரும்பும் அன்பர்களே, தாராளமாக ஓடுங்கள். பெற்றோர் சுகமாயிருப்பதும், எடுத்த காரியத்தை முடிப்பதும் பிள்ளைகள் கண்ணாரக் காண வேண்டிய காட்சிகளே. ஆனால் சப்பாத்து வாங்கும் அன்றே ஒரு கொப்பியும் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு கீறி, ஒரு புறம் ஓடிய தூரத்தையும், மறு புறம் அதற்காக வீட்டில் இருந்தவரின் நேரத்தையும் எழுதுங்கள். இரண்டாவது கணக்கைத் தீர்த்த பின்னரே முதலாவதைப் பற்றிப் பெருமை கொள்ளுங்கள்.