கணக்குப் புத்தகம் யார் கையில்?

வடகிழக்குப் பருவமழையின்போது ஆந்திரத்தின் கிருஷ்ணாபுரம் அணை திறக்கப்பட்டால் கொசஸ்தலை ஆறு பெருகிப் பள்ளிப்பட்டுப் பகுதியின் தரைப்பாலங்கள் மூழ்கும். இத்தகைய ஊர்களுக்கு உதவ வரும் தொண்டு நிறுவனங்கள், 'மக்களோடு இணைந்தே திட்டமிடுகிறோம்' என்று இப்போது சொல்கின்றன. நல்ல சொல்தான். ஆனால் திட்டமும் தொகையும் நகரத்தில் முடிவாகி, கையெழுத்து மட்டும் சேரியில் வாங்கப்படுகிறது என்றால் அதில் இணைவு எங்கே? பள்ளிப்பட்டு 1960இல்தான் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. இங்கே தெலுங்கை வீட்டுமொழியாகக் கொண்ட அருந்ததியர் குடும்பங்கள் பல. தமிழ்ப் படிவத்தைப் படித்துக் காட்டினால் தலையசைப்பார்கள். அந்தத் தலையசைப்பே ஒப்புதல் ஆகிவிடுகிறது.

பிறகு, 'இம்மக்களுக்கு எங்கள்மேல் நம்பிக்கை இல்லை' என்ற குறை வேறு. நம்பாததற்கு வரலாறு உண்டு. பூனா ஒப்பந்தத்தை அடுத்து 1932இல் தோன்றிய அமைப்பே பின்னர் அரிஜன சேவா சங்கம் எனப்பட்டது. ஜி.டி. பிர்லா தலைவர், தக்கர் செயலாளர். அதே நவம்பரில், மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குச் செல்லும் கப்பலிலிருந்து அண்ணல் அம்பேத்கர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். தனிமனிதருக்கு ஒழுக்கம் போதிப்பதை விடுத்துக் கிணறு, பள்ளி, பொதுவழி ஆகியவற்றின் உரிமைக்காகச் சங்கம் போராட வேண்டும். பணியாளர்களும் தீண்டப்படாதோரிடமிருந்தே வர வேண்டும் என்று கேட்டார். கடிதம் கிடைத்ததென்ற ஒரு வரிகூட வரவில்லை என 1945இல் வெளியான தம் நூலில் பதிவு செய்தார். நிர்வாகம் சாதி இந்துக்களிடமே நின்றது. இது அவர்கள் செய்யும் பரிகாரம், பணமும் அவர்களுடையது என்பது சொல்லப்பட்ட நியாயம். இன்றைய நன்கொடை ஒப்பந்தங்களிலும் இந்த நியாயம்தான் வேறு சொற்களில் இருக்கிறது.

இதே திருவள்ளூர் மாவட்டத்தில் மாற்றுச் சான்றும் உண்டு. தலித்தான இளங்கோ ரங்கசாமி 1996இல் குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரானார். மதிப்பீட்டில் சொன்ன பொருளை விட்டு, அருகிலிருந்த ஆலைகளின் கழிவுக் கற்களால் வடிகால் கட்டியதற்காக அவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். கிராம சபை அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. கல் வந்ததையும் காசு மிச்சமானதையும் கண்ணால் பார்த்தவர்களுக்கு வேறு சாட்சி எதற்கு? பின்னர் அங்கே சமத்துவபுரம் அமைந்தபோது, ஒரே சுவரின் இருபுறமும் ஒரு தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் வாழும் இரட்டை வீடுகள் எழுந்தன. ஊராட்சியின் சொல் வரைபடத்தையே மாற்றியது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

களத்துக்குச் செல்லும் மாணவத் தோழர்களிடம் நாம் கேட்பது இவ்வளவே. கூட்டத்தைக் கூலி வேலை முடிந்த மாலையில், குடியிருப்புக்குள்ளேயே வையுங்கள்; ஊர்க்கோயில் மண்டபம் வேண்டாம். வரவு செலவைத் தெலுங்கிலும் வாசியுங்கள். காசோலையில் கையெழுத்திடுபவர்களில் ஒருவராவது அக்குடியிருப்பின் பெண்ணாக இருக்கட்டும். 'எங்களுக்கு இது வேண்டாம்' என்று மக்கள் சொன்னால் திட்டம் நிற்குமா என்பதை நிறுவனத்திடம் முதலிலேயே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.