ரெண்டு வயரில் ஓடுற அரசியல்

தோழர்களே, வாடகை பற்றிப் பேசுறம், கேஸ் பில் பற்றிப் பேசுறம். ஆனால் சுவரில இருக்கிற தெர்மோஸ்ராற்றையும் பொயிலரையும் இணைக்கிற ரெண்டு மெல்லிய வயர் பற்றி நாங்கள் பேசுறேல்ல. அந்த வயரில் ஓடுற மொழி ஆருக்குச் சொந்தம் என்பதும் ஒரு வர்க்கக் கேள்விதான்.

பழைய தெர்மோஸ்ராற்றுக்குத் தெரிஞ்சது ரெண்டே சொல்: "எரி", "நில்". "இண்டைக்கு 45 பாகைத் தண்ணி போதும்" எண்டு அதால சொல்ல முடிஞ்சால், பொயிலர் தணிஞ்சு எரியும். கொண்டென்சிங் பொயிலருக்குத் திரும்பி வாற தண்ணி ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழ இருந்தால்தான் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து, வெளியில் வீணாகப் போற வெப்பத்தையும் வீட்டுக்குத் தரும்.

இதுக்கு ஒரு பொது மொழி ஏற்கனவே இருக்கு: ஓப்பன்தேர்ம். 1996இல் ஹனிவெல் அதை வெறும் ஒரு பவுணுக்கு ஒரு சங்கத்திடம் கையளித்தது. ஆனாலும் வைலன்ற் ஈபஸையும், வூஸ்ரர் பொஷ் ஈ.எம்.எஸ்.ஐயும் பாவிக்கினம். பொயிலர் ஒரு கொம்பனி எண்டால், முழுப் பயன் தாற தெர்மோஸ்ராற்றும் பெரும்பாலும் அதே கொம்பனியிட்டத்தான் வாங்க வேணும். 2018 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த 'பொயிலர் பிளஸ்' விதி, புதுக் கொம்பி பொயிலர்களோட மின்சாரமோ கேஸோ மிச்சம் பிடிக்கிற நாலு வழிகளில் ஒண்டைக் கேட்டது. பொது மொழியைக் கேட்கேல்ல.

"சந்தை பார்த்துக்கொள்ளும்" எண்டு சொல்லுவினம். எந்தச் சந்தை? பொயிலரைத் தெரிவு செய்யிறது வீட்டுக்காரர். பில் கட்டுறது வாடகைக்கு இருக்கிறவர். தெரிவு செய்யிறவருக்கு நட்டமில்லை, நட்டப்படுறவருக்குத் தெரிவில்லை.

கொம்பனியிட சேர்வரை நம்பியிருந்தால் என்ன நடக்கும் எண்டதையும் கண்டிட்டம். 2025 ஒக்ரோபரில் கூகிள், 2011, 2012 மொடல் நெஸ்ற் தெர்மோஸ்ராற்றுகளுக்கான செயலித் தொடர்பைத் துண்டித்தது. சுவரில் கையால் திருப்பலாம், ஆனால் ஃபோனால் இயக்கேலாது. கருவி பழுதாகேல்ல, கொம்பனிதான் கைவிட்டது.

இப்ப கேஸ் பொயிலருக்குப் பதிலாக ஹீற் பம்ப் வருது. தண்ணியின் சூட்டைச் சரியாகக் கட்டுப்படுத்தாட்டி அதுக்கு மின்சாரச் செலவு கூடும். அதனால இந்தக் கேள்வி இன்னும் பெரிசாகுது. 2023 எரிசக்திச் சட்டம், ஸ்மார்ட் கருவிகளுக்கு விதி வகுக்கிற அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் குடுத்திருக்கு. அந்த விதியை ஆர் எழுதுறது? கொம்பனிகள் மட்டும் மேசையில் இருந்தால் அவைக்கு வசதியானதுதான் வரும்.

எங்கட கோரிக்கை மூண்டு. ஒண்டு, தொடர்பு மொழியின் முழு வரையறையும் ஆரும் இலவசமாக வாசிக்கக்கூடியதாக இருக்க வேணும். ரெண்டு, கவுன்சில் வீடுகளுக்குப் பொதுக்காசில் வாங்குற எந்தக் கருவியும் அந்த மொழியைப் பேச வேணும். மூண்டு, இணையம் இல்லாட்டியும், கொம்பனி மூடுப்பட்டாலும் அது வேலை செய்ய வேணும்.

அடுத்த வாடகையாளர் கூட்டத்தில் புது ஹீற்றிங் பற்றிக் கவுன்சிலர் பெருமையாகச் சொன்னால், கையை உயர்த்தி ஒண்டு கேளுங்கோ: "இது வேற கொம்பனியிட தெர்மோஸ்ராற்றோட முழுசாகக் கதைக்குமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கோ.