மண்ணுக்கு மேலே ஒரு நிலவறை



குளிர்நாடுகளில் பல வீடுகளுக்கு அடியில் நிலவறை இருக்கிறது. சன்னல் இல்லாத அந்த அறைக்கு எப்படி விளக்கமைப்பது என்று அங்கே பலவாறு ஆராய்கிறார்கள். மலேசியாவில் நமக்கு அந்தக் கவலை இல்லை என்று நினைக்கலாம். மேட்டுநிலச் சரிவில் கட்டிய சில வீடுகளைத் தவிர, இங்கே மண்ணுக்கு அடியில் அறை கட்டுவோர் அரிது. உண்மைதான். நாம் நிலவறையை மண்ணுக்கு மேலேயே கட்டிக்கொள்கிறோம்!

நல்ல வெளிச்சமுள்ள வீட்டை விலைகொடுத்து வாங்குகிறோம். பிறகு மேலும் பணம் கொடுத்து அதன் நடுப்பகுதியை இருட்டாக்குகிறோம். அதற்கு வீட்டுச் சீரமைப்பு என்று பெயர் வைக்கிறோம். அந்த இருட்டில் யாரை உட்கார வைக்கிறோம் தெரியுமா? படிக்கிற பிள்ளையை! ஓர் ஆசிரியன் என்ற முறையில் இதைக் கண்டிக்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

வெளிச்சம் எப்படிப் போயிற்று?

தாமான்களில் உள்ள வரிசை வீட்டை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 20 அடி அகலம், 70 அடி நீளம். இருபக்கச் சுவர்களும் அண்டை வீட்டாரோடு ஒட்டியவை. ஆகவே பகல் வெளிச்சம் மூன்றே வழிகளில்தான் உள்ளே வர முடியும்: முன்பக்கம், பின்பக்கம், ஏர்வெல் என்று நாம் சொல்லும் நடுமுற்றம்.

இந்த மூன்றையும் நாம் என்ன செய்கிறோம்? பின்பக்கச் சமையலறையைச் சந்து வரைக்கும் நீட்டுகிறோம். மழைச்சாரலுக்கும் திருடனுக்கும் பயந்து நடுமுற்றத்தின் மேல் கூரை போடுகிறோம். முன்பக்கத்தில் வாகனக் கொட்டகையை இறக்கிக் கட்டுகிறோம். எல்லாம் முடிந்தபின் வீட்டின் நடு அறைக்குச் சன்னல் இருக்கும். ஆனால் அந்தச் சன்னல் திறப்பது இன்னோர் இருட்டு அறைக்குள்!

இது சட்டத்திற்கும் பொருந்தாது. 1984ஆம் ஆண்டின் ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள் தெளிவாகவே சொல்கின்றன. குடியிருப்பு அறை ஒவ்வொன்றுக்கும் அதன் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாத சன்னல் வேண்டும். தடையின்றிக் காற்று நுழைய 5 விழுக்காட்டுக்குக் குறையாத திறப்பும் வேண்டும். இரண்டு மாடி வரையுள்ள கட்டடத்தில் நடுமுற்றம் அமைத்தால், அது 7 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளி வகுப்பறைக்கோ சன்னல் அளவு 20 விழுக்காடு! படிக்கும் இடத்திற்கு இருமடங்கு வெளிச்சம் வேண்டும் என்பது விதியெழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பெற்றோராகிய நமக்குத் தெரியவில்லையா?

"விளக்குப் போட்டால் போயிற்று!"

இப்படிச் சொல்வோர் பலர். எந்த விளக்கை, எங்கே, எதற்காகப் போடுகிறார்கள் என்று பார்த்தால் வேதனைதான் மிஞ்சுகிறது. வரவேற்பறைக்குப் பிளாஸ்டர் சிலிங், அதன் விளிம்பில் மறைவிளக்கு, நடுவில் தொங்கும் அலங்கார விளக்கு, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு டவுன்லைட்டுகள். பிள்ளையின் அறைக்கு? உட்கூரையின் நடுவில் ஒரே ஒரு கலிமந்தாங்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் ஏறத்தாழ 11 சதுர மீட்டர். நான்கடி எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்று சுமார் 1,800 லூமென் ஒளி தரும். அதில் பாதி மேசை மட்டத்திற்கு வந்து சேர்ந்தாலும், ஒரு சதுர மீட்டருக்கு 80 லூமென்தான் கிடைக்கும். அதாவது 80 லக்ஸ். படிக்கவும் எழுதவும் 300 முதல் 500 லக்ஸ் வேண்டும் என்பதே பொதுவான பரிந்துரை. வெளியே மரநிழலில் நின்றாலே பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கிறது!

அந்த 80 லக்ஸும் முழுதாகப் புத்தகத்தில் விழுவதில்லை. மேசையைச் சுவரோரம் போட்டுப் பிள்ளையைச் சுவர் பார்த்து உட்கார வைக்கிறோம். விளக்கோ முதுகுக்குப் பின்னால் எரிகிறது. தன் தலையின் நிழலிலேயே பிள்ளை எழுதுகிறது. தமிழில் ஒரு புள்ளி எவ்வளவு பெரியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'க'வா 'க்'ஆ என்று முடிவு செய்வது அந்தப் புள்ளிதான். 'ன', 'ண' ஆகியவற்றின் சுழிகளை எண்ணிப் பார்த்து எழுதப் பழகும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த வெளிச்சம் போதுமா?

கடைப்பெட்டியில் 'டேலைட்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டும் ஏமாற வேண்டாம். அது விளக்கின் நிறத்தைக் குறிக்கும் சொல். சுமார் 6,500 கெல்வின் கொண்ட நீலம் கலந்த வெண்மை. வெளிச்சத்தின் அளவைச் சொல்வது லூமென் எண். பகலின் நிறத்தை விலைக்கு வாங்கலாம். பகலை வாங்க முடியாது.

எதிர்வாதங்களுக்கு மறுமொழி

"நாங்கள் தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தே முன்னேறினோம்" என்பார் சிலர். அந்தத் தலைமுறையை வணங்குகிறேன். ஆனால், அவர்கள் பகலெல்லாம் திறந்த வெளியில் திரிந்தவர்கள். அஞ்சடியில் உட்கார்ந்து படித்தவர்கள். மண்ணெண்ணெய் விளக்கு அவர்களுக்கு இரவுக்கு மட்டுமே. இன்றைய பிள்ளைக்கோ பகலும் இரவாகிவிட்டது.

மங்கிய ஒளியில் படித்தால் கண் கெட்டே போய்விடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. கண் களைக்கும், தலை வலிக்கும், கவனம் சிதறும். அதுவே போதுமான கேடு. கிட்டப்பார்வையைத் தள்ளிப்போட உதவுவது வெளிப்புற ஒளியில் கழிக்கும் நேரம் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கிட்டப்பார்வை மிகுந்த சிங்கப்பூர் 2001இல் அதைத் தடுக்கத் தேசியத் திட்டமே தொடங்கியது. தைவான் 2010 முதல் நாள்தோறும் 120 நிமிடம் பிள்ளைகளை வெளியே அனுப்பச் சொல்கிறது. நாமோ வீட்டுக்குள் வரும் கொஞ்ச வெளிச்சத்தையும் அடைக்கிறோம்!

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்பார் வேறு சிலர். பணம் இல்லாதவர் பிளாஸ்டர் சிலிங் போடுவதில்லையே! நான் புதுச்செலவைச் சொல்லவில்லை. செய்கிற செலவை யாருக்காகச் செய்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

செய்ய வேண்டியது என்ன?

1. முதலில் ஆளைத் திட்டமிடுங்கள். விளக்கைப் பிறகு திட்டமிடலாம். முன்பக்கச் சன்னலுள்ள பெரிய அறை பெற்றோருடையது. அவர்கள் அங்கே இரவில் தூங்க மட்டுமே செய்கிறார்கள். பகலில் ஆளில்லாத அறைக்குச் சன்னல், பகலில் படிக்கும் பிள்ளைக்குச் சுவர்! அறையை மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

2. நடுமுற்றத்தை அடைக்காதீர்கள். மூடியே ஆக வேண்டுமானால் ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டை உயர்த்திப் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். நகராண்மைக் கழகத்தின் ஒப்புதலைப் பெறாமல் எதையும் கட்டாதீர்கள்.

3. சுவருக்கும் உட்கூரைக்கும் வெள்ளைச் சாயம் பூசுங்கள். வெள்ளைச்சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். கருஞ்சாயம் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

4. ஒரே விளக்கை நம்பாதீர்கள். அறை முழுவதற்கும் பரவலான ஒளி ஒன்று, மேசைக்குத் தனி விளக்கு ஒன்று. 500 லூமென் தரும் மேசைவிளக்கை ஒன்றரை அடி உயரத்தில் வைத்தால் புத்தகத்தின் மேல் வேண்டிய ஒளி கிடைத்துவிடும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு அதை இடப்பக்கம் வையுங்கள். இடக்கைப் பிள்ளைக்கு வலப்பக்கம். படிக்கும் நேரத்துக்கு 4,000 கெல்வின் அளவிலான வெண்மை பொருந்தும். உறங்கப்போகும் நேரத்துக்கு 3,000க்குக் குறைந்த மஞ்சள் ஒளியே நல்லது.

5. சாந்து பூசுவதற்கு முன்பே மேசை எங்கே, கட்டில் எங்கே என்று முடிவு செய்து மின்கம்பி இழுக்கச் சொல்லுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்றவரிடமே அந்த வேலையைக் கொடுங்கள்.

6. மேட்டுநில வீட்டில் உண்மையாகவே கீழ்த்தளம் உடையவர்கள் படிக்கட்டின் மேலும் கீழும் இருவழிச் சுவிட்சு வையுங்கள். மின்சாரம் தடைபட்டால் தானே எரியும் அவசர விளக்கு ஒன்றும் அங்கே கட்டாயம் வேண்டும். ஈரம் கசியும் அறையை விளக்கால் சரிசெய்ய முடியாது. முதலில் கசிவை அடையுங்கள், காற்றுக்கு வழி விடுங்கள்.

முடிவாக...

வீட்டைப் பார்க்க வரும் விருந்தினர் ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறார்? தீபாவளிக்கு ஒரு முறை, பிறந்தநாளுக்கு ஒரு முறை. அவர் அண்ணாந்து பார்த்து "அழகாக இருக்கிறதே" என்று சொல்லும் ஒரு சொல்லுக்காகப் பன்னிரண்டு விளக்குகள்! நாள்தோறும் குனிந்து எழுதும் பிள்ளைக்கு ஒன்று!

குத்தகையாளர் அடுத்த முறை வரைபடத்தை விரிக்கும்போது, ஓடு என்ன நிறம் என்று கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை உட்காரும் இடத்திற்குப் பகலில் வெளிச்சம் எந்த வழியாக வரும்?" அவரால் விரல்வைத்துக் காட்ட முடியவில்லையென்றால், அந்த வரைபடத்திற்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.