லினக்ஸை முடக்கிய ஒற்றை நம்பர்!

2024 ஆகஸ்ட் 13 அன்று வழக்கமான விண்டோஸ் அப்டேட் வந்தது. அதைப் போட்டுக்கொண்ட பல லேப்டாப்களில் விண்டோஸ் நன்றாகவே ஓடியது. பக்கத்திலேயே குடியிருந்த லினக்ஸ்தான் திறக்கவில்லை. 'பாதுகாப்பு விதி மீறல்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி, உடனே மெஷின் ஆஃப்!

ஒரே லேப்டாப்பில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது நமக்குப் புதிதல்ல. 2011-ல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்களிலேயே விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் 'இதுவா, அதுவா?' என்று கேட்கிற அந்த வாசல்காரர்தான் பூட் லோடர். இன்று சேக்காட்டிலிருந்து ஆவடி ஸ்டேஷனுக்கு ஓடும் கல்லூரிப் பைகளிலும் இப்படி இரட்டைக் குடித்தன லேப்டாப்கள் சில இருக்கும்.

லினக்ஸில் பிரபலமான பூட் லோடர், 'கிரப்'. இதன் வெர்ஷன் நம்பரே ஒரு தனிக்கதை. பழைய கிரப் 2005-ல் 0.97-லேயே நின்றுவிட்டது. கடைசிவரை 1.0 ஆகவே இல்லை! புதிதாக எழுதப்பட்ட கிரப் 2012-ல்தான் 2.00 என்ற நம்பரைத் தொட்டது. 2021-ல் 2.06, அடுத்து 2023-ல் ஒரே தாவலாக 2.12.

சரி, பழைய நம்பர் என்றால் ஆபத்து, புதிய நம்பர் என்றால் பத்திரமா? அங்கேதான் சிக்கல். உபுண்டு, டெபியன் போன்றவை 2.06-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, ஓட்டையை மட்டும் அடைத்துக் கொடுப்பார்கள். வெளியே பார்த்தால் அதே 2.06, உள்ளே ஒன்று பத்திரமானது, மற்றது ஓட்டை.

2020-ல் 'பூட்ஹோல்' என்ற பெரிய ஓட்டை வெளியானபோது, ஆபத்தான ஃபைல் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். அந்தப் பட்டியலுக்கு மதர்போர்டில் இருப்பதே சுமார் 32 கேபி இடம். இந்த ஒரு சம்பவமே அதில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிவிட்டது. இப்படியே போனால் கட்டுப்படியாகுமா?

அதனால் வந்ததுதான் 'எஸ்பேட்'. வெர்ஷனைக் கண்டுகொள்ளாமல், தலைமுறை எண் என்று ஒன்றைத் தனியாகப் பொறித்துவிடுவார்கள். கேஸ் சிலிண்டரின் கழுத்தில் 'பி-27' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலிண்டர் எப்போது செய்தது என்பதல்ல, அடுத்த சோதனைக்குக் கெடு எப்போது என்பதுதான் அது. ஏறக்குறைய அதே யோசனை. பெரிய ஓட்டை அடைபடும்போது மட்டும் எண் ஒன்று கூடும். 'இதற்குக் குறைந்தால் உள்ளே விடாதே' என்று மெஷினிடம் சொன்னால் போதும்.

ஆகஸ்ட் அப்டேட் செய்தது அதைத்தான். இரண்டு சிஸ்டம் உள்ள மெஷின்களுக்கு இது போகாது என்றுதான் மைக்ரோசாப்ட் சொல்லியிருந்தது. ஆனால், சில மெஷின்களில் லினக்ஸ் இருப்பதையே அப்டேட் கண்டுபிடிக்கவில்லை. முழுத் தீர்வு வந்தது 2025 மே மாதம்தான். ஒன்பது மாதம் கொஞ்சம் அதிகம்தான்!

உங்கள் வீட்டு லேப்டாப்பிலும் லினக்ஸ் இருந்தால், அதற்கு வரும் அப்டேட்களைத் தள்ளிப்போடாதீர்கள். தலைமுறை எண் அதில்தான் ஏறும். இந்தப் பிழை வந்துவிட்டால், பலரும் முதலில் 'செக்யூர் பூட்'டை அணைக்கச் சொல்வார்கள். சரியான வழிதான். ஆனால், விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், அணைத்ததும் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது இல்லாவிட்டால் புராஜெக்ட், போட்டோ எதையும் திறக்க முடியாது. மைக்ரோசாப்ட் அக்கவுன்ட்டில் அந்த கீ இருக்கிறதா என்று பார்த்து, முதலில் ஒரு நோட்டில் எழுதிவைத்துவிடுங்கள்.