மிடியின் மேல் வீண்பழி

மேடை ஒலியமைப்பில் மூத்தவர் ஒருவர், கீபோர்டு வொர்க்ஸ்டேஷனிலிருந்து மிடி (மின்னிசைக் கருவிகள் தமக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் முறை) வழியாக மிக்ஸரை இயக்கும் வழக்கத்தை எதிர்த்து நீளமாக எழுதியிருக்கிறார். மெல்லிசைக் குழுக்களில் இது பரவினால் கச்சேரி கெடும், மிக்ஸரில் உட்காருகிறவர் காதை அடகு வைத்துவிடுவார், கடைசியில் அவர் பிழைப்பும் போகும் என்கிறார். இளைஞர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாதாம். அவருடைய அனுபவத்தை மதிக்கிறேன். இந்தக் கட்டுரையை மதிக்க முடியவில்லை. அதிலுள்ள தொழில்நுட்பச் செய்திகளில் பாதி பிழை. மீதிப் பாதியிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவு பிழை.

அவர் பெரிதாக முன்வைக்கும் சான்று ஒரு திருவிழாக் கச்சேரி. கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டின் எண்ணை அழுத்தினார். மிக்ஸரில் சீன் மாறியது. விசில் அடிக்காமல் இருக்க மிக்ஸரில் இருந்தவர் மாலை முழுவதும் பார்த்துப் பார்த்துக் குறைத்து வைத்திருந்த ஈக்யூ, பாடகிக்கு ஏற்றிக் கொடுத்திருந்த மானிட்டர், எல்லாம் மதியம் சவுண்ட் செக்கில் இருந்த நிலைக்குத் திரும்பிவிட்டன. ஸ்பீக்கர் அலறியது. ஆகவே மிடி ஆபத்து என்கிறார்.

இது நடந்ததை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மிடி அங்கே செய்தது என்ன? ஓர் எண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்தது, அவ்வளவுதான். அந்த எண் வந்ததும் மிக்ஸர் மேசையில் உள்ள அத்தனையையும் மாற்று என்று மிக்ஸருக்குச் சொல்லி வைத்தது மிக்ஸரில் உட்கார்ந்திருந்தவர். அவரே தன் விரலால் அந்த சீனை அழைத்திருந்தாலும் இதே அலறல்தான் கேட்டிருக்கும். சீன் என்றால் முழு மேசையின் நிலை. அதை அழைக்கும்போது எதையெல்லாம் தொடக் கூடாது என்று பூட்டி வைக்கத்தான் ரீகால் சேஃப் என்ற வசதி இருக்கிறது. யமஹா 01வி96-இல் இருக்கிறது, பெரிங்கர் எக்ஸ்32-இல் இருக்கிறது. உள்ளீட்டு கெயின், ஈக்யூ, மானிட்டர் அனுப்பல்கள் ஆகியவற்றைச் சேஃபில் போட்டிருந்தால் அன்று ஒன்றும் ஆகியிருக்காது. இத்தனை பக்கம் எழுதியவர் அந்த வசதியைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தெரியாமல் விட்டிருந்தால் அறிவுரை சொல்லும் தகுதி இல்லை. தெரிந்தே விட்டிருந்தால் அது நேர்மை இல்லை.

எக்ஸ்32-இல் இன்னும் ஒரு படி மேலே, ஸ்னிப்பெட் என்று ஒன்று உண்டு. தேர்ந்தெடுத்த சில அமைப்புகளை மட்டும் சேமித்து அழைக்கலாம். அடுத்த பாட்டுக்குப் புல்லாங்குழல் மைக் திறக்க வேண்டும், கோரஸ் மைக் இரண்டும் மூட வேண்டும், பாடகர் குரலுக்கு நீளமான எக்கோ வேண்டும். தேவை இவ்வளவுதான் என்றால் இவ்வளவை மட்டும் மாற்றும் ஸ்னிப்பெட் போதும். மற்ற ஃபேடர் எதுவும் இம்மி அசையாது. ஒழுங்காகச் செய்கிறவர்கள் செய்வது இதைத்தான். இவர் எதிர்ப்பது யாருமே செய்யக் கூடாத ஒன்றை.

மிடி 1983-இல் வந்த பழைய சாமான், மெதுவானது என்றும் ஒரு குற்றச்சாட்டு. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். அந்த எண்ணைக் கொண்டுபோகும் புரோகிராம் சேஞ்ச் என்ற செய்தி இரண்டே பைட். மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட், பைட்டுக்குத் தொடக்கமும் முடிவும் சேர்த்து 10 பிட். ஆக 0.64 மில்லிசெகண்டில் செய்தி போய்விடும். மேடையில் தட்டிய தபேலா ஒலி, 30 மீட்டர் தள்ளி மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கு வரவே ஏறத்தாழ 87 மில்லிசெகண்டு ஆகும். மேசை தன் நிலையை மாற்றிக்கொள்ள எடுக்கும் நேரத்தைச் சேர்த்தாலும், பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அது ஒரு பொருட்டே இல்லை. மிடியின் 128 படிகளில் ஃபேடர் தடதடக்கும் என்று அவர் சொல்வதும் அப்படித்தான். எக்ஸ்32 ஃபேடரின் மேல்பாதி −10 முதல் +10 டெசிபெல் வரை. அதில் 64 படிகள் என்றால் படிக்குச் சுமார் 0.3 டெசிபெல். பந்தல் நிறைய ஆள் உட்கார்ந்திருக்கும் கச்சேரியில் அந்தப் படியைக் கேட்டுச் சொல்லும் காது எனக்குத் தெரிந்து இல்லை.

கம்பி விஷயத்தில் மட்டும் அவர் ஓர் உண்மையைத் தொடுகிறார். மிடி கேபிள் 15 மீட்டருக்கு மேல் நம்பத் தக்கதல்ல. மிக்ஸரோ அதைவிடத் தள்ளி இருக்கும். அதனால்தான் எக்ஸ்32-உடன் மேடையில் வைக்கும் எஸ்16 பெட்டியிலேயே மிடி துளைகள் வைத்திருக்கிறார்கள். கீபோர்டிலிருந்து சின்னக் கேபிள் அந்தப் பெட்டிக்குப் போனால், ஒலி போகும் அதே நெட்வொர்க் கேபிளில் மிடியும் மேசைக்குப் போய்விடும். சரி, கேபிள் பிடுங்கிக்கொண்டது என்றே வைப்போம். மிக்ஸர் கடைசியாக இருந்த நிலையில் அப்படியே நிற்கும். மிக்ஸரில் இருப்பவர் இத்தனை காலம் செய்ததுபோலக் கையால் செய்வார். நிகழ்ச்சியே நின்றுபோகும் என்று எப்படி எழுதினார்?

பாட்டு வரிசை மேடையிலேயே மாறும், அப்போது இயந்திரம் திண்டாடும் என்கிறார். உண்மை இதற்கு நேர்மாறு. விழாக் கமிட்டித் தலைவர் துண்டுச் சீட்டில் ஒரு பாட்டு எழுதி அனுப்புகிறார். மேடையில் தலையாட்டிக்கொள்கிறார்கள், தாளம் தொடங்குகிறது. மிக்ஸரில் இருப்பவர் கையில் பழைய பட்டியல். புல்லாங்குழல் வாசிப்பவர் முகப்பிசையை மூடிய மைக்கில் ஊதி முடிக்கிறார். கோர்க் க்ரோனோஸ் கீபோர்டில் இதற்கு செட் லிஸ்ட் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு ஸ்லாட், ஸ்லாட்டில் அந்தப் பாட்டின் காம்பி (பல ஒலிகளின் கூட்டு), காம்பியில் ஒரு டிம்பரை (அந்தக் கூட்டின் ஓர் ஒலிப் பகுதியை) வெளியே அனுப்பும் நிலையில் வைத்தால் அந்தப் பாட்டுக்குரிய எண் மிக்ஸருக்குப் போகும். எண் ஒட்டியிருப்பது பாட்டோடு, வரிசையோடு அல்ல. எந்தப் பாட்டு எப்போது வந்தாலும் மைக் திறந்திருக்கும். அடுத்து என்ன பாட்டு என்று முதலில் தெரிகிறவர்களில் கீபோர்டுக்காரர் ஒருவர். அவரிடமிருந்து செய்தி வருவதில் என்ன அவமானம்?

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. அவர் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். பாட்டின் நடுவே கீபோர்டுக்காரர் காம்பியை மாற்றினால், அவர் நினைக்காமலேயே குளோபல் சேனலில் புரோகிராம் சேஞ்ச் போகலாம். மிக்ஸரும் அதே சேனலைக் கேட்டுக்கொண்டிருந்தால் சரணத்தின் நடுவில் அமைப்பு மாறிவிடும். மிக்ஸருக்கென்று தனிச் சேனல் ஒதுக்கி, மற்றதை வடிகட்ட வேண்டும். கோர்க் 000-இலிருந்து எண்ணும், சில மேசைகள் 1-இலிருந்து எண்ணும். ஒன்று தள்ளி அழைத்துவிடாமல் ரிகர்சலில் ஒவ்வொரு பாட்டையும் அழுத்திப் பார்க்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குப் பயன்படும் எச்சரிக்கை இது. மூத்தவர் கட்டுரையில் இது இல்லை.

பிழைப்புக்கு வருவோம். மெல்லிசைக் குழு சிறுத்துக்கொண்டே வரும் காலத்தில் அந்தப் பயம் பொய்யல்ல. ஒரு சம்பளம் மிச்சம் என்று மிக்ஸருக்கு ஆளே வைக்காத அமைப்பாளர் வருவார், வந்துகொண்டும் இருக்கிறார். அவரிடம் சண்டை போட நானும் வருகிறேன். ஆனால் மிடியால் அந்த ஆளின் இடத்தை நிரப்ப முடியாது. பாடகர் மைக்கை விட்டு விலகுவது, காற்று திசை மாறுவது, கூட்டம் நிறைந்ததும் சத்தம் அமுங்குவது, இது எதுவும் கீபோர்டுக்குத் தெரியாது. ஸ்னிப்பெட்டை உருவாக்குவதும் எதைப் பூட்டுவது என்று முடிவு செய்வதும் மிக்ஸரில் இருப்பவர்தான். மைக் திறந்து மூடும் வேலை கையை விட்டுப் போனால், ஒவ்வொரு பாட்டின் முதல் அடியிலேயே அவர் காது குரலின் மேல் இருக்கும். இப்போது அந்த நேரத்தில் அவர் கண் பட்டியலில் இருக்கிறது. காதை அடகு வைப்பது எது?

யமஹாவின் டிஎம்பி7 மிக்ஸர் 1987-லேயே மோட்டார் ஃபேடரோடும் மிடியோடும் வந்துவிட்டது. மேடைக் கலைகளின் ஒலி, ஒளிக் கருவிகளை இயக்கவென்றே மிடி ஷோ கன்ட்ரோல் 1991-இல் வகுக்கப்பட்டது. வாடகை நிறுவனங்களில் எக்ஸ்32-க்கு முன்னால் நின்று தொழில் கற்கும் பிள்ளைகளிடம், இத்தனை ஆண்டுகளாக நின்று நிலைத்த ஒன்றைத் தொடாதே என்று சொல்ல இவருக்கு இருக்கும் காரணம், பூட்ட மறந்த ஒரு சீன். அந்த அறிவுரையை அவர் திரும்பப் பெற வேண்டும். ரீகால் சேஃபை எப்படி அமைப்பது என்று அடுத்த கட்டுரையில் எழுத வேண்டும்.