புளியமரத்தடி டிரெய்லருக்கும் நம்பர் வேண்டுமா?

தை அறுவடை முடிந்துவிட்டால் டெல்டா கிராமங்களில் டிராக்டர் டிரெய்லருக்கு வேலை குறைந்துவிடும். நெல் மூட்டை கொள்முதல் நிலையத்துக்குப் போயாச்சு, வைக்கோல் போருக்கு வந்தாச்சு. அப்புறம் எப்போதாவது நாலு நடை எரு, வீடு கட்டுகிற பங்காளிக்கு ஒரு லோடு செங்கல். மற்ற நாளெல்லாம் கொல்லையில் புளியமரத்தடியில் கிடக்கும். அதன் அடியில் கோழி முட்டையிடும்.

இந்தப் பெட்டிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கிறதா என்று கேட்டால் பல விவசாயிகள் சிரிப்பார்கள். “இன்ஜின் இல்ல, ஸ்டியரிங் இல்ல. மாட்டு வண்டிக்கு யாராவது ஆர்.சி. எடுப்பாங்களா?” கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரையும் சேர்த்துவிட்டது. சொந்தமாக இன்ஜின் இருக்க வேண்டியதில்லை. இன்னொரு மோட்டார் வாகனம் இழுப்பதற்காகச் செய்யப்பட்டிருந்தாலே போதும். மாடு இழுத்தால் வண்டி, டிராக்டர் இழுத்தால் வாகனம்.

“ரோட்டுக்கே வராதுங்க, வயலுக்குள்ளதான்” என்பது அடுத்த பதில். இதற்கும் சட்டத்தின் 39-வது பிரிவு பிடி கொடுக்கவில்லை. பொது இடத்தில் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் பதிவில்லாமல் ஓட்டக் கூடாது என்கிறது அது. தொழிற்சாலை மாதிரி அடைப்புக்குள் மட்டுமே ஓடுவதற்கென்று தனியாக வடிவமைத்த வண்டிகளுக்குத்தான் விலக்கு. நடைமுறையில், வரப்பு தாண்டி வந்து யாரும் வண்டியை மறிக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். வயலிலிருந்து வீட்டுக்கு வருகிற அந்த ஒரு கிலோமீட்டர் தார்ச் சாலையில்தான் வம்பு இருக்கிறது.

அபராதம் பெரிய விஷயமில்லை. சட்டப்படி முதல் தடவை 2,000 ரூபாயிலிருந்து 5,000 வரை. மறுபடி மாட்டினால் 10,000 வரை போகலாம், சிறைக்கும் இடமிருக்கிறது. ஒரு மூட்டை உளுந்தை விற்றுக்கூட முதல் அபராதத்தைக் கட்டிவிடலாம். விபத்து நடந்தால்தான் நிலமே கேள்விக்குள்ளாகும்.

இருட்டிய பிறகு, பாரம் ஏற்றிய டிரெய்லர் டயர் பஞ்சராகி சாலையோரம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர்கூட இல்லை. வேலை முடிந்து பைக்கில் வருகிறவர் மோதிவிடுகிறார். இப்போதுள்ள 164-வது பிரிவின்படி, யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் இழப்பீடு கேட்கலாம். தவறை நிரூபித்து வழக்குப் போட்டால், இறந்தவரின் வயதையும் வருமானத்தையும் கணக்கிட்டுத் தீர்ப்பாயம் பல மடங்கு கூடுதலாகவும் விதிக்கலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுக்காவிட்டால், கொடுக்க வேண்டியவர் வண்டியின் உரிமையாளர்.

“டிராக்டருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கே!” இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பாலிசியில் டிரெய்லர் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். 2007-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், செங்கல் சூளைக்கு மண் ஏற்றிப்போன டிரெய்லரிலிருந்து விழுந்து ஒரு தொழிலாளி அடிபட்டார். டிராக்டருக்கு பாலிசி உண்டு, டிரெய்லருக்கு இல்லை. செய்த வேலையும் விவசாய வேலை இல்லை. கம்பெனி பொறுப்பில்லை என்றே நீதிமன்றம் சொன்னது. ஏழைத் தொழிலாளி தவிக்கக் கூடாது என்று, கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தன் தனி அதிகாரத்தில் உத்தரவிட்டது. கடைசியில் சுமை வந்து விழுந்த இடம் உரிமையாளரின் தலைதான். பங்காளிக்கு ஏற்றிய அந்த ஒரு லோடு செங்கலை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு வேலை சுலபம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, விற்பனைச் சான்றிதழான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டும் கிடைக்குமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும். “அதெல்லாம் எதுக்குங்க, பத்தாயிரம் குறைச்சுக்கிறேன்” என்று பதில் வந்தால் அடுத்த பட்டறையைப் பார்ப்பது நல்லது. படிவம் 20-ல் விண்ணப்பித்து, பிரேக் இன்ஸ்பெக்டர் பார்வைக்கு வண்டியைக் கொண்டுபோனால் நம்பர் கிடைக்கும். அந்த நம்பர் டிரெய்லரின் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பின்பக்கம் எழுத வேண்டியது, இழுக்கிற டிராக்டரின் நம்பர். இதைப் பலர் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

பழைய டிரெய்லரை விற்கிறவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தெரிவிக்க வேண்டும். ‘வாங்கினவன் மாத்திக்குவான்’ என்று விட்டுவிட்டால், விபத்து நடக்கிற நாளில் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

ரிஃப்ளெக்டர் மட்டும் ஆபீஸ் வேலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிவப்பில் இரண்டு, பின்பக்கம் இரு ஓரத்திலும். அடுத்த நடைக்கு முன்பே ஒட்டிவிடலாம்.